பின்விளி

கிராம்பு வாசம் வந்தால் இன்றும் எனக்கு விமான நிலையம்தான் ஞாபகம் வரும். யார் வீட்டிலாவது பிரியாணிக்குத் தாளிக்கும்போது, "ஏர்போர்ட் மாதிரி மணக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேன். என்னை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறாள் என் மகள். காரணத்தை அவளுக்கு முழுதாகச் சொன்னதில்லை. இந்த வாரம் உங்களோடு சேர்ந்து அவளும் படித்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். ஓணம் முடிந்து, லீவுக்கு வந்த கல்ஃப்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் போகிற வாரம். திருவனந்தபுரத்தில், கடலோரத்து விமான நிலைய வாசலில் நான் நிற்கிறேன். வலது கன்னத்தில் ஒரு கிராம்பு. எனக்குப் பல்வலி கிடையாது.

எதிரில் என் கணவர். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கிடைப்பதற்கு அரிய டிராலி ஒன்றின் கைப்பிடியை, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். எங்களைச் சுற்றி மாமியார், கொழுந்தன்மார், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், எங்கள் சபையின் உபதேசியார், ஜீப் டிரைவர் தங்கப்பன் என்று ஒரு ஜீப் கொள்ளாத கூட்டம்.

என் கணவரிடம் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்கு நான் நம்பியிருந்த இடம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கூட்டம் அதிகமானதால் பார்வையாளர் டிக்கெட் கொடுப்பது நிறுத்தப்பட்டிருக்கிறதாம்.

இரண்டு நாற்காலிகள்

எங்கள் வீடு பாறசாலைக்குத் தெற்கே, காரோட்டுக்குப் போகிற வழியில். தமிழில் சண்டை போட்டு மலையாளத்தில் சமாதானம் ஆகிற ஊர். கல்யாணமாகி நான் வந்தபோது அந்த வீட்டில் மூன்று ஆண்மக்கள், மாமியார், வந்தால் போகாத உறவினர்கள். எங்கள் அறைக்குக் கதவு கிடையாது, பூப்போட்ட திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினால், இந்தப் பக்கம் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம்.

அப்படியே அவருடைய இரண்டு மாத லீவு முடிந்து, முதல் தடவை அவரை அனுப்ப விமான நிலையம் போனேன். அப்போது அங்கே இவ்வளவு கூட்டம் இல்லை. டிக்கெட் எடுத்தால் வழியனுப்ப வந்தவர்களும் உள்ளே போய் உட்காரலாம். புதுப்பெண் என்று எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்தார். மாமியார் முகம் கறுத்தது. ஆனாலும் விட்டார்.

உள்ளே குளிராக இருந்தது. சுவரோரமாக இரண்டு நாற்காலிகள். பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாணம் ஆன பிறகு நாங்கள் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காகிதக் குவளையில் காப்பி வாங்கி வந்தார். தனக்குப் புளிசேரி பிடிக்காது என்று அங்கேதான் சொன்னார். இரண்டு மாதமாக வாரத்தில் நாலு நாள் நான் புளிசேரிதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

"முன்னமே செல்லப்பிடாதா?" என்றேன்.

"அம்ம கேட்டுட்டு நிப்பா. பின்ன உனக்குல்லா ஏச்சு கிட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது என்று சொல்வேன். தேனிலவுக்கு ஊட்டி போனவர்கள் போகட்டும். எனக்கு அந்த இரண்டு நாற்காலிகள் போதும்.

அவர் போன பிறகுதான் எனக்கு நாள் தள்ளியிருப்பது தெரிந்தது. கடிதம் எழுதினேன். கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. காரோட்டுக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வருகிற பெண் கூட, "கொச்சுக்கு இப்ப சூரை மீன் குடுக்கப்பிடாது" என்று என்னைக் காட்டி மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் அது கலைந்துவிட்டது. அந்தக் கடிதத்தையும் நானே எழுதினேன்.

அது எழுதிப் போட்ட மறுநாள் அவருடைய பதில் வந்தது. முதல் கடிதத்துக்கான பதில். பெண்ணாக இருந்தால் என்ன பெயர், பையனாக இருந்தால் என்ன பெயர், தொட்டில் கட்ட உத்தரத்தில் எந்த இடம் என்று பக்கம் பக்கமாக சந்தோஷம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. இனி ஒரு தடவை வாய்த்தால் தாளில் எழுத மாட்டேன், முதலில் அவரிடம்தான், அதுவும் நேரில்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பொய்ப் பல்வலி

அடுத்த லீவு வந்தது. லீவின் கடைசியில் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் புறப்படுவதற்கு முந்தைய நாள், பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உறுதி சொன்னார். வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று, நானும் தனியாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் நிற்க இடம் இல்லை. கல்ஃபுக்குப் போகிறவன் வீட்டில் கடைசி நாள் என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாண வீடு தோற்றுவிடும். சிப்ஸ் வறுக்க ஒரு கூட்டம், பெட்டி கட்ட ஒரு கூட்டம், பெட்டி கட்டுவதில் குறை சொல்ல ஒரு கூட்டம். அவரோ பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "ஒரு காரியம்..." என்று ஆரம்பிப்பேன். எங்கிருந்தோ மாமியார் வந்துவிடுவார்.

"எலே செல்வராஜே, அவளப் பேச வைக்காதே. பல்லு வலியாக்கும்."

சொல்லிவிட்டு என் வாயில் ஒரு கிராம்பை வைப்பார். அவர் பிரியமாகத்தான் வைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கிராம்பு வாடை குடலைப் பிரட்டியது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது.

சரி, இருக்கவே இருக்கிறது அந்த இரண்டு நாற்காலிகள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். காலையில் ஜீப் நெய்யாற்றின்கரை தாண்டும்போது, உள்ளே போனதும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எதிரே அவர். அவர் மடியில் கொழுந்தன் பிள்ளை. எனக்குப் பல்வலி கூடிவிட்டது என்று நினைத்து வழியெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊரே பறந்த காலம்

இரண்டு வருடத்தில் அந்த விமான நிலையத்துக்கு என்ன ஆயிற்று என்று இங்கே சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் வளைகுடாவில் போர் வந்து, எல்லாரும் கையை வீசிக்கொண்டு திரும்பிய காலம் ஒன்று இருந்தது. போர் ஓய்ந்ததும் போனவர்கள் எல்லாம் மறுபடி போனார்கள். போகாதவர்களும் போனார்கள். குளத்தூரில் கொத்தன் கிடைக்கவில்லை, பாறசாலையில் எலக்ட்ரீஷியன் கிடைக்கவில்லை. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் அப்பாலிருந்து கூட வேன் வேனாக வந்து இதே வாசலில் இறங்கினார்கள்.

ஒருவர் பறப்பதற்கு இருபது பேர் வழியனுப்ப வந்தால் எந்தக் கட்டடம்தான் தாங்கும்? பயணிகள் வரிசை உள்ளே இடம் போதாமல் வெளியே வந்து, வெயிலுக்குப் போட்ட பந்தலையும் தாண்டி ரோட்டில் நின்றது. காலி டிராலிக்காக, உள்ளே போகிற டிராலிகளின் பின்னாலேயே ஆட்கள் நடந்தார்கள். சாயாக்காரர்களும், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கப்பலண்டிக்காரர்களும் நடுவில் புகுந்து விற்றார்கள். ஒரு பக்கம் ஜெபம், ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் பொதிச்சோறு.

எங்கள் உபதேசியாரும் ஜெபத்தை ஆரம்பித்தார். ஆதியாகமத்தில் தொடங்கினார். வரிசை நகர்ந்தது. ஜெபம் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்ற கூட்டத்தில் நான் மட்டும் கண்ணைத் திறந்து, கதவில் ஒட்டிய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமென்" என்று முடிந்ததும், வழியனுப்ப வந்தவர்களை ஒதுக்கியபடி போலீஸ்காரர் கத்தினார். "டிக்கெட்டுள்ளவர் மாத்ரம்! பாக்கியுள்ளவர் மாறி நில்க்கணம்!"

என் கணவர் அவசர அவசரமாக அம்மாவை முத்தமிட்டார், பிள்ளைகளின் தலையைத் தொட்டார். என்னிடம் வந்தபோது, எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் டிராலியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பல்ல எடுத்துரு, கேட்டியா? வச்சிட்டு இருக்காதே. வாறேன்."

எங்கள் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. வாறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் கிராம்பைத் துப்பிவிட்டு வாயைத் திறப்பதற்குள் வரிசை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எப்படி விளிப்பது?

இப்போது எனக்கு இரண்டு தடைகள்.

ஒன்று, பின்விளி. பயணம் புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. வேதபுத்தகத்தில் இப்படி எங்கேயும் இல்லையே என்று மாமியாரிடம் ஒருதடவை கேட்டிருக்கிறேன். "வேதம் வேற, இது வேற" என்றார். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

இரண்டு, பெயர். நான் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. எங்கள் பெண்கள் யாரும் சொல்வதில்லை. 'இஞ்சேருங்க' என்போம், அவ்வளவுதான். இங்கே பாருங்கள் என்பது தேய்ந்து அப்படி ஆகியிருக்க வேண்டும். அடுக்களையில், தோட்டத்தில், சபைக்குப் போகிற வழியில் எல்லாம் அது போதும். இத்தனை ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட முடியுமா?

அவருடைய நீலச் சட்டை கதவை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தவிக்கிற தவிப்பை டிரைவர் தங்கப்பன் பார்த்துவிட்டார்.

"எந்தா சேச்சி, சாதனம் ஏதும் மறந்து போச்சா? பேரச் செல்லி உரக்க விளிங்க, கேக்கும்."

நான் விளித்துவிட்டேன். என் பிராணனை எல்லாம் திரட்டி, "செல்வராஜ்!" என்று அலறினேன்.

வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவர் நரைத்த தலை, இன்னொருவர் மீசை முளைக்காத பையன். எங்கள் பக்கத்தில் செல்வராஜுக்கா பஞ்சம்! நீலச் சட்டை திரும்பவில்லை. தலை லேசாக நிமிர்ந்தது. அப்புறம் டிராலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மாமியார் என் வாயைப் பொத்தினார். "எட்டி, பின்விளி விளிக்கியா? அதுவும் பேரச் செல்லியா?" அவருக்குக் கோபம் கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். நான் அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பல்வலி பாவம் என்று யாரோ கப்பலண்டிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு விசிறினார்கள்.

டெலிபோன் பூத்

எழுத மாட்டேன் என்ற பிடிவாதம் போகவில்லை. மஸ்கட்டிலிருந்து அவர் பாறசாலைச் சந்தைப் பக்கத்து பூத்துக்கு போன் பண்ணுவதாகத் தகவல் வந்ததும் ஓடினேன். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில், தங்கள் அழைப்புக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. லைனில் நான் பேசுவது எனக்கே திரும்பி வந்து கேட்டது.

"இஞ்சேருங்க. வயித்தில உண்டு."

"வயித்திலயா? பல்லுவலி போயி இப்ப வயித்துவலியா?"

"வலியில்ல! உண்டு!"

"என்ன உண்டு? உரக்கச் செல்லு!"

சொன்னேன், உரக்கவே சொன்னேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது. அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? எனக்கு வேண்டியிருந்தது அதுதான். போனில் முகம் கிடையாது.

விமான நிலையத்தில் கூப்பிட்டதைச் சொன்னேன். "கேட்டுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேட்டும் திரும்பலியா?"

"யாரோ ஒரு பொம்பள எந்தச் செல்வராஜையோ விளிக்கான்னு நெனச்சேன். நீ விளிச்சா 'இஞ்சேருங்க'ன்னுல்லா வரும்? எம்பேரு உன் வாயில எப்பிடி இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும், புஷ்பம்?"

ஐந்து புருஷன்மார்

மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். போட்டோவைப் பார்த்து அப்பா என்று சொல்லப் பழகினாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு லீவு கிடைத்தது.

வருகிறவர்கள் வாசலில் கூட்டம் இன்னும் பெருகியிருந்தது. இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கி, எல்லாருடைய பெட்டியும் ஒன்றாகக் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். கம்பித் தடுப்பில் நசுங்கிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு மணிக்கணக்கில் நின்றேன். கடைசியில் கதவு திறந்து ஒரே நேரத்தில் ஒரு பெரும் கூட்டம் வெளியே வந்தது. எல்லார் முகமும் ஒரே களைப்பு.

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. "இஞ்சேருங்க!" என்று கத்தினேன்.

சுற்றி நின்ற மலையாளத்துக்காரர்கள் யாரும் அசையவில்லை. அந்தக் கும்பலில் ஐந்து ஆண்கள் மட்டும் டக்கென்று நின்று திரும்பினார்கள். பாறசாலை முதல் மார்த்தாண்டம் வரைக்கும் உள்ள புருஷன்மார். நாலு பேர் என்னைப் பார்த்து ஏமாந்து தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் டிராலியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

மகள் அவரைப் பார்த்து வீறிட்டு அழுதாள். போட்டோவில் அவருக்கு மீசை இருந்தது.

முகம்

இரண்டு மாதம் எத்தனை நாள் தாங்கும்? மகள் அவர் மார்பில் தூங்கப் பழகிய வாரத்திலேயே பெட்டி கட்டும் கூட்டம் வந்துவிட்டது. மறுபடி ஜீப், மறுபடி பந்தல், மறுபடி உபதேசியார். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் இடத்தில் இப்போது ஒரு பலகையே அடித்திருந்தார்கள்.

"வாறேன்" என்றார். இந்தத் தடவை டிராலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். ஆனால் திரும்பவில்லை. முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, டிராலியை முன்னால் இழுத்தபடி, பின்பக்கமாகவே நடந்தார். யாரையோ முட்டினார். யாரோ திட்டினார்கள். போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"எந்தா இது? முன்னோட்டு நோக்கி நடக்கு!"

"பார்யக்கு எந்தெங்கிலும் பறயான் உண்டாவும், சாறே" என்றார் அவர். பெண்டாட்டிக்கு ஏதாவது சொல்ல இருக்கும் என்று, அவ்வளவு பேர் கேட்கச் சொன்னார்!

பிள்ளையை என் இடுப்பிலிருந்து யாரோ வாங்கினார்கள். மாமியார்.

"விளி மக்கா" என்றார் மெல்ல. "அவன் மொகம் இங்கோட்டுல்லா இருக்கு. இது பின்விளி ஆவாது."

"இஞ்சேருங்க!" என்றேன்.

"என்ன?"

அவர் கதவருகே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். என்ன சொல்வது? சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணுமில்ல. சும்மா விளிச்சேன்!"

அப்போது அவர் முகத்தில் வந்ததைப் பார்த்தேன். அன்று இந்த வாசலில் எனக்குக் கிடைக்காமல் போனது, பூத்தில் காதில் மட்டும் கேட்டது, அதுதான். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு முகம். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் அவர் திரும்பாமல், அப்படியே பின்பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார். அடுத்த விமானத்துக்கு வந்தவர்கள் வரிசையாக இடையில் வந்து அவர் முகத்தை மறைக்கும்வரை, நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.